பாலாற்றில் விட்டுப்போன மட்டக்குதிரை: எடுத்து வந்துவிட்டோம், எப்படித் தேற்றுவது?

அணைக்கட்டுத்தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். அணைக்கட்டு போகும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, இரண்டு பசு. குதிரை வளர்த்த அனுபவம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

பள்ளிகொண்டா பக்கம் பாலாற்று மணலில் ஒரு பெண் மட்டக்குதிரை கொஞ்ச நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்ட குதிரை. நொண்ட ஆரம்பித்ததும் ஓட்டிக்கொண்டு வந்து ஆற்றில் விட்டுவிட்டார்கள். உரிமையாளரைத் தேடிப் பிடித்தோம். "எடுத்துக்குங்க, எனக்கு வேணாம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். நேற்று சாயங்காலம் வண்டி வைத்து ஏற்றி வந்தோம்.

இடுப்பெலும்பு இரண்டும் துணி மாட்டலாம் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்னங்கால் குளம்பு இரண்டும் நீளமாக வளர்ந்து நுனி மேலே வளைந்துவிட்டது. சேணம் அழுத்திய இடத்தில் முதுகில் ஒரு புண், ஈ மொய்க்கிறது. ஆனால் நிற்கிறது, தண்ணீர் குடிக்கிறது, காதை ஆட்டுகிறது.

அம்மா அரிசிக் கஞ்சி காய்ச்சி வைக்கலாம் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாசத்தில் ஒரு மூட்டை மாட்டுத்தீவனமே கொண்டுவந்து இறக்கிவிட்டார். இரண்டையும் இன்னும் தொடவில்லை. இன்று காலை கொஞ்சம் காய்ந்த புல் மட்டும் போட்டேன். என்ன கொடுப்பது, எவ்வளவு, குளம்பை யார் பார்ப்பார்கள், கையில் என்ன காகிதம் வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொள்ளுப்பை

அந்த மூட்டையைக் குதிரை கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கஞ்சியும் வேண்டாம், கொள்ளும் வேண்டாம். என் பெயரே கொள்ளுப்பை, நானே சொல்கிறேன். பட்டினி கிடந்த குதிரையைப் பட்டினி கொன்றதைவிட, எடுத்து வந்த வீட்டுச் சாப்பாடு கொன்றதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்பா காலத்தில் எங்களுக்கு வாலாஜாவில் ஜட்கா இருந்தது, அதனால் பார்த்தது.

மாட்டுத்தீவனத்தில் இன்னொரு ஆபத்து. சில மாட்டுத்தீவனம், கோழித்தீவனத்தில் மானென்சின் என்ற மருந்து கலக்கிறார்கள். மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. குதிரைக்கு அது இதயத்தைப் பிடிக்கும் விஷம். பசுவுக்குத் தீவனம் வைக்கும் தொட்டியில் இது வாய் வைக்காதபடி தள்ளிக் கட்டுங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான்.

ஓய்வுபெற்ற மருத்துவன், ராணிப்பேட்டை

முதலில் 1962-க்கு போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வருகிற மருத்துவர் குதிரை அதிகம் பார்க்காதவராக இருக்கலாம், பரவாயில்லை. ரத்தம் எடுக்கவும் புண்ணைச் சுத்தம் செய்யவும் அவர் போதும். சிக்கலான விஷயம் என்றால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கேட்டுச் சொல்லுவார். இந்த நிலையில் குதிரையை அங்கே ஏற்றிக்கொண்டு போக வேண்டாம்.

இப்போது தீவனம். கொள்ளுப்பை சொன்னதற்குக் காரணம் இதுதான். நெடுநாள் பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் ஏறும். அது ரத்தத்தில் மிச்சமிருக்கிற பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். கையிருப்பு ஏற்கெனவே காலி. இதயமும் மூச்சு விடும் தசையும் தடுமாறும். பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் நடந்துவிடும். "நல்லாத்தானே சாப்பிட்டுச்சு, திடீர்னு விழுந்துடுச்சு" என்பார்களே, அது இதுதான். இரண்டாம் உலகப் போர்ச் சிறை முகாம்களிலிருந்து மீண்ட மனிதர்களுக்கும் இதே கதை நடந்திருக்கிறது.

கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் நின்றது குதிரைமசால், அதாவது லூசர்ன் என்ற தீவனப் பயிர். மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுவும் அதிகம். பெரிய குதிரைக்கு, அதாவது 450 கிலோ வரும் குதிரைக்கு, காய்ந்த மசால் அரைக் கிலோ அளவில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரவிலும்தான். மூன்று நாள் இப்படி. அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வேளையைக் குறைத்து, பத்து நாளுக்குப் பிறகுதான் வயிறார. தானியம் இந்தக் கட்டத்தில் கிடையவே கிடையாது.

உங்களுடையது மட்டக்குதிரை, எடைக்குத் தகுந்த மாதிரி குறையுங்கள். எடை போட மேடை தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து அளங்கள். தோள்முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளம் அளங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ.

மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. பட்டினியில் கொழுப்பு மொத்தமும் ரத்தத்தில் இறங்கிவிடும். எடுத்த ரத்தத்தைக் குழாயில் நிறுத்தினால் மேலே தெளியும் நீர் பால்போல் வெளுத்திருக்கும். சாப்பிடாமல் மந்தமாக நின்றால் அன்றைக்கே சொல்லுங்கள், மறுநாள் வரை பார்க்க வேண்டாம். எண்ணெய் ஊற்றி எடை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் காதில் வாங்காதீர்கள்.

வெயிலூரான்

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். பசுவாக இருந்தால் பால், எருதாக இருந்தால் ஏர். இந்தக் குதிரை தேறிய பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்? குதிரை 25 வருஷம், 30 வருஷம் இருக்கும். நம்மூர் வெயிலில் நமக்கே தண்ணீர் லாரிக்கு நிற்கிற நிலை. ஒரு குதிரை நாளைக்கு இருபதிலிருந்து நாற்பது லிட்டர் வரை குடிக்கும். வேலூரில் குதிரை வைத்தியம் தெரிந்தவரை விரல் விட்டு எண்ணலாம். ஆசையில் எடுத்து, இரண்டு வருஷம் கழித்து இன்னொரு ஆற்றங்கரையில் விடுகிற கதை ஆகிவிடக் கூடாது.

அணைக்கட்டுத்தோட்டம்

வெயிலூரான் சார், இதையேதான் எங்கள் அப்பாவும் கேட்டார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, நிலம் இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறது. பால் கறக்காததால் வைத்துக்கொள்ளக் கூடாது என்றால் எங்கள் வீட்டு நாயையும் அனுப்ப வேண்டியதுதான்.

மருத்துவர் ஐயா, அளந்தோம். சுற்றளவு 130, நீளம் 120. கணக்குப் போட்டால் 170 கிலோ வருகிறது. அப்படியென்றால் ஒரு வேளைக்குக் காய்ந்த மசால் 200 கிராமா? அதைப் பார்த்தால் ஒரு கைப்பிடிதான் இருக்கிறது. அம்மா என்னைப் பார்க்கிற பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற மருத்துவன், ராணிப்பேட்டை

200 கிராம் சரி. மசால் பச்சையாகக் கிடைத்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர், ஆகவே எடையில் நாலைந்து மடங்கு கொடுக்கலாம். ஆனால் லேசாக வாட விட்டுக் கொடுங்கள், வெட்டிய ஈரத்தோடு கொட்டினால் வயிறு ஊதும். அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள், ராத்திரி வேளைத் தீவனம் அவர் கையால். தடவை கூடினால் கொஞ்சம் கொடுக்கிறோம் என்ற குறை தெரியாது.

கோர்ட்டுவாசல்

காகிதம் பற்றிக் கேட்டீர்கள். "எடுத்துக்குங்க" என்ற வாய்ப்பேச்சு, குதிரை எலும்பாக இருக்கும் வரைதான் செல்லும். தேறி மினுமினுப்பாக நிற்கும்போது "என் குதிரை" என்று வருவார்கள். நூறு சதவீதம் வருவார்கள் என்று சொல்லவில்லை, வந்ததைப் பார்த்திருக்கிறேன். முத்திரைத்தாளில் எழுதி, அவர் கையெழுத்து, அடையாள அட்டை நகல், இரண்டு சாட்சி. குதிரையின் நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி, தழும்பு எல்லாம் அதில் வர வேண்டும். இன்றைய நிலையில் நாலு பக்கமும் புகைப்படம் எடுத்து, தேதியோடு வையுங்கள்.

போலீஸ் பறிமுதல் செய்த குதிரை என்றால் விஷயமே வேறு. அது வழக்குச் சொத்து. 2017-ல் வந்த விதிகள்படி வழக்கு முடியும்வரை மாஜிஸ்திரேட் அதை விலங்கு நலச் சங்கம், பிஞ்சரபோல் (கால்நடைக் காப்பகம்) மாதிரி இடங்களில் ஒப்படைக்கலாம், பராமரிப்புச் செலவை உரிமையாளர் தலையில் வைக்கலாம். நல்ல மனசில் நடுவில் புகுந்து வீட்டுக்கு ஓட்டிப்போக முடியாது. இதைத் தெரியாமல் சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

இன்னொன்று. பட்டினி கிடக்கும் என்று தெரிந்தே ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. டீயும் பன்னும் சாப்பிட்டாலே ஐம்பது ஆகிறது. புகார் கொடுத்து அவரை முறைத்துக்கொள்வதைவிடச் சுமுகமாக எழுதி வாங்கிக்கொள்வது உங்களுக்கு லாபம் என்பது என் கருத்து.

கொள்ளுப்பை

//சுமுகமாக எழுதி வாங்கிக்கொள்வது//

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் நாளைக்கு இன்னொரு குதிரை வாங்குவார், அதுவும் ஆற்றுக்குத்தான் வரும். ஆனாலும் இப்போது குதிரை முக்கியம், இந்தச் சண்டையைத் தனி இழையில் போடுவோம்.

லாடக்கட்டை

குளம்பு பற்றி நான் சொல்லலாம். எங்கள் குடும்பமே லாடம் அடிக்கிற குடும்பம், மாட்டுக்கும் குதிரைக்கும். பொய்கைச் சந்தையில் செவ்வாய்க்கிழமை மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர்கள் கிடைப்பார்கள். நல்ல தொழில்காரர்கள்தான், ஆனால் மாட்டுக் குளம்பு பிளந்தது, குதிரைக் குளம்பு ஒற்றை. மாட்டைச் சாய்த்துப் போட்டுக் கட்டி அடிப்பார்கள். குதிரையை, அதுவும் இந்த நிலையில் இருக்கிற குதிரையை, கீழே தள்ளிக் கட்டவே கூடாது. நின்ற நிலையில் ஒவ்வொரு காலாகத் தூக்கிச் செய்கிற ஆள் வேண்டும். கட்டாயம் குதிரை பார்த்த ஆளாகத் தேடுங்கள், பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவர்கள் சில பேர் ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

ஆள் வரும்வரை நீங்களே செய்ய ஒரு வேலை இருக்கிறது. காலைத் தூக்கிக் குளம்பின் அடியைப் பாருங்கள். நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தை இருக்கும், அதன் இரண்டு பக்கமும் பள்ளம். மொட்டையான இரும்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி இழுத்து அந்தப் பள்ளத்தில் அடைத்த சாணி, மணல், கல்லை எடுங்கள். கறுப்பாகக் களிம்பு மாதிரி வந்து, மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றம் வந்தால் அழுகல் பிடித்திருக்கிறது. தினமும் சுத்தம் செய்து உலர வைத்தாலே பாதி சரியாகும். அயோடினைப் பஞ்சில் நனைத்து வையுங்கள். ஈரத் தரையில் கட்டினால் எந்த மருந்தும் நிற்காது.

வளைந்த நுனியை ஒரே நாளில் வெட்டி அழகாக்கச் சொல்லாதீர்கள். நீண்ட குளம்புக்கு ஏற்றபடி அதன் தசைநாரெல்லாம் இழுபட்டுப் பழகியிருக்கும். கொஞ்சம் வெட்டி, ஆறு வாரம் விட்டு இன்னும் கொஞ்சம். குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளரும், முழுசாகப் புதுக் குளம்பு இறங்க ஒரு வருஷம் பிடிக்கும். லாடமும் இப்போது வேண்டாம். கல் ரோட்டில் ஓட்டப் போவதில்லையே.

குடியாத்தம் மேய்ச்சல்

நான் ஆடு, மாடு, ஒரு கழுதை வைத்திருக்கிறேன். நம் பக்கத்துத் தீவனம் பற்றி மட்டும் சொல்கிறேன், டாக்டர் ஐயா திருத்தட்டும்.

குதிரைமசால் விதை விவசாயப் பண்ணையில் கேளுங்கள். "மசால்" என்று மட்டும் கேட்டால் வேலிமசாலைக் கொடுத்துவிடுவார்கள், அது வேறு செடி. விதைத்தால் முதல் வெட்டு இரண்டரை மாதம் கழித்து, அப்புறம் 25, 30 நாளுக்கு ஒரு வெட்டு. அதுவரை விலைக்குத்தான் வாங்க வேண்டும், இந்தப் பக்கம் பயிரிடுகிறவர்கள் குறைவு.

நம் வடாற்காட்டுக்காரர்களுக்குக் கடவுள் கொடுத்தது கடலைக்கொடி. அறுவடை சமயத்தில் காய வைத்துப் போரிட்டால் மசாலுக்கு அடுத்தபடியாக அதுதான். ஆனால் மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த கொடியைப் போடாதீர்கள். மண் உதறாமலும் போடாதீர்கள்.

எல்லாத் தோட்டத்திலும் இருக்கிற கோ-4 நேப்பியர் புல்லைத் தனித் தீவனமாக நம்பாதீர்கள். அதில் இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் வயிறு சமாளிக்கும், குதிரையால் முடியாது. அதோடு தினமும் தவிடு வேறு வைத்தால் பாஸ்பரஸ் கூடிப்போய், எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகம் இரண்டு பக்கமும் வீங்கும். பச்சைச் சோளத்தட்டு, அதிலும் முழங்கால் உயர இளஞ்சோளம், தொடவே கூடாது. இளஞ்சோளம் மாட்டுக்கே ஆகாது, குதிரைக்குச் சிறுநீர்ப்பையும் பின்னங்காலும் போய்விடும்.

வேலியில் சவுண்டல் இருக்கிறதா? அந்தத் தழையை ஆடு தின்னும், குதிரை தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். அரளி எங்கே இருந்தாலும் வெட்டிப் போடுங்கள். வெட்டியதைக் குதிரை எட்டும் இடத்தில் காயப் போடாதீர்கள், காய்ந்த அரளியும் அதே விஷம். பைபாஸ் ரோடு நடுவில் பூத்துக்கிடக்கிறதே என்று யாரும் மாலைக்குப் பறித்து வந்து தொழுவத்தில் போட வேண்டாம்.

அணைக்கட்டுத்தோட்டம்

அக்கா, கிணற்று மேட்டில் சவுண்டல் வரிசையே இருக்கிறது. கட்டும் இடத்தை மாற்றிவிட்டேன்.

நிலவரம்: முதல் பத்து நாள் தாண்டிவிட்டது, விழவில்லை. சாணி முதலில் கெட்டியான சின்னச் சின்ன உருண்டையாக, மேலே வழவழப்பான சளி பூசினாற்போல் வந்துகொண்டிருந்தது. இப்போது பச்சையாக, உதிரும் பதத்தில் வருகிறது. காலையில் எழுந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் விசாரிப்பது அதைத்தான். ஒருநாள் மதியம் நிழலில் பக்கவாட்டில் படுத்துவிட்டது, தம்பி அலறிக்கொண்டு ஓடி வந்தான். போய்ப் பார்த்தால் தூங்குகிறது. நாங்கள் வந்ததைப் பார்த்து எழுந்து, உடம்பை உதறிவிட்டு, எதிரில் வந்து என் சட்டைப் பையை மோந்தது.

ஒரு சந்தேகம். நாலு காலும் முட்டிக்குக் கீழே லேசாக வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. வயிற்றுக்கு அடியிலும் கொஞ்சம்.

ஓய்வுபெற்ற மருத்துவன், ராணிப்பேட்டை

படுத்துத் தூங்குவது நல்ல செய்தி. பயந்த குதிரை படுக்காது.

வீக்கத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ரத்தத்தில் புரதம் குறைந்து, தீவனம் ஆரம்பித்த பிறகு நீர் கோப்பது சகஜம். நடக்க விட்டால் சில வாரத்தில் வடியும். இன்னொன்று சர்ரா. குதிரை ஈ கடித்துப் பரவும் திரிபனோசோமா கிருமி. விட்டு விட்டுக் காய்ச்சல், ரத்தசோகை, எவ்வளவு தின்றாலும் இளைப்பு, இதே மாதிரி வீக்கம். காய்ச்சல் இருக்கும்போது எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் கிடைக்கும். ஒரு தடவை இல்லை என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் குறித்துவையுங்கள். 37.5-லிருந்து 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. நாடி தாடையெலும்பின் உள்பக்கம் விரலுக்குத் தட்டும், நிமிஷத்துக்கு 28-லிருந்து 44. மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூடலாம்.

கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பச் சொல்லுங்கள். இது நம் நாட்டில் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய், மனிதருக்கும் தொற்றும். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் வரை மாதிரி போகும். முடிவு வரும்வரை மூக்கில் சளி, தோலில் கட்டி எதுவும் இருக்கிறதா பாருங்கள். புண்ணைத் தொடும்போது கையுறை போடுங்கள். வேறு குதிரை, கழுதை பக்கத்தில் வேண்டாம்.

குடற்புழு மருந்து: அவசரப்பட வேண்டாம். புழு மொத்தமாக ஒரே நாளில் செத்தால் இளைத்த குடல் தாங்காது. கொஞ்சம் சதை பிடித்ததும் மருத்துவர் எடைக்குக் கணக்கிட்டு வாய்வழி கொடுப்பார். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போட விடாதீர்கள், ஊசி போட்ட இடம் மோசமாக வீங்கி அழுகும். முதுகுப் புண் இருப்பதால் டெட்டனஸ் பாதுகாப்பு உடனே வேண்டும், குதிரை அளவுக்கு டெட்டனஸுக்குப் பயப்பட வேண்டிய விலங்கு குறைவு.

வாயில் போட்டதை மென்று பாதி உருண்டையாகக் கீழே துப்புகிறதா? துப்பினால் பல் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கிறது, அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியாக, இது பெண் குதிரை. சினையா என்று பார்த்துவிடுங்கள். பதினொரு மாதச் சுமை, எலும்பும் தோலுமாக இருக்கும்போது வெளியே தெரியாது.

சந்தைத்தரகு

நீங்கள் போட்ட போட்டோவில் பார்த்தேன். நெற்றியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சுழி இருக்கிறது. அதனால்தான் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆற்றுக்கு வந்திருக்கும். அந்தியூர் ஆடிச் சந்தையில் இந்தச் சுழியைக் காட்டினால் பாதி விலைக்குக்கூட ஆள் நிற்காது. வீட்டுக்கு ஆகாது என்பது பெரியவர்கள் வாக்கு. சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

குடியாத்தம் மேய்ச்சல்

சுழி பார்த்து வாங்கிய எங்கள் பெரியப்பா மாடு நாலும் கோமாரியில் போனது. சுழி ஊசி போடவில்லை.

வெயிலூரான்

இதில் நான் தோட்டத்துக்காரர் பக்கம். விற்கும்போது விலை குறைய ஒரு சுழி, வாங்கும்போது ஏற ஒரு சுழி, இதெல்லாம் தரகு வேலை. தேசிங்கு ராஜா குதிரை ஏறின மண் பக்கத்தில் இருந்துகொண்டு, ராணிப்பேட்டைக்கே அவர் ராணியின் நினைவாகப் பெயர் வைத்துக்கொண்டு, குதிரையை ஆற்றில் விடுகிறோம்.

சரி, நான் உருப்படியாக ஒன்று கேட்கிறேன். பங்குனி, சித்திரைக்கு என்ன ஏற்பாடு? 40 டிகிரி தாண்டினால் தகரக் கொட்டகை அடுப்பு.

கொள்ளுப்பை

தகரம் இருந்தால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். நாலு பக்கமும் திறந்திருக்கட்டும், வேப்பமரம் இருந்தால் கொட்டகையே தேவையில்லை. குதிரை நம்மைப் போல வியர்த்துத்தான் சூட்டைத் தணிக்கும், உப்பு நிறையப் போகும். கல்லுப்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை நக்கிக்கொள்ளும். நல்ல வெயிலிலும் தோல் காய்ந்து கிடந்து மூச்சு மட்டும் வாங்கினால் வியர்வை நின்றுவிட்டது, உடனே தண்ணீர் ஊற்றி நிழலில் நிறுத்துங்கள். நனைத்த சாக்கை மேலே போட்டு மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும்.

முக்கியமாக மணல். ஆற்றில் மேய்ந்த குதிரை, புல்லோடு மணலும் தின்றிருக்கும். குடலில் அடியில் தங்கி வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். சாணியை ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கி வையுங்கள், மணல் அடியில் படியும். எவ்வளவு என்று டாக்டரிடம் காட்டுங்கள். தீவனம் தரையில் போடாதீர்கள், தொட்டியில் போடுங்கள், தொட்டிக்குக் கீழே பழைய ரப்பர் பாய் விரியுங்கள். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைப் பிராண்டுவது, படுத்து எழுவது, இது மூன்றும் தெரிந்தால் தீவனத்தை எடுத்துவிட்டு போன் போடுங்கள்.

அணைக்கட்டுத்தோட்டம்

பாட்டில் சோதனை செய்தோம். ஒரு விரல் கனம் மணல் படிந்தது. ஆம்புலன்ஸ் மருத்துவர் குழாய் வழியாக மருந்து விட்டார், இப்போது படிவது குறைந்துகொண்டு வருகிறது. ரத்தப் பரிசோதனையில் சர்ரா இல்லை, கிளாண்டர்ஸ் இல்லை. சினையும் இல்லை. உரிமையாளர் எழுதிக் கொடுத்துவிட்டார், கோர்ட்டுவாசல் சாருக்கு நன்றி. கால் வீக்கம் வடிந்துவிட்டது. புண்ணில் மேல்தோல் மூடிவிட்டது, அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கிறது.

புதுக் கவலை. பக்கத்து ஊரில் சாவு. பறை அடித்துக்கொண்டு போனார்கள். சத்தம் கேட்டதும் இது உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கி, கயிற்றை அறுத்துக்கொண்டு வேலியில் மோதியது. மாட்டுப் பொங்கல் வந்தால் எங்கள் பக்கம் எருது விடும் விழா, பட்டாசு, கூட்டம். அதற்குள் பழக்க முடியுமா?

லாடக்கட்டை

ஊர்வலக் குதிரையை மேளத்துக்கு ஆட வைக்க என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். முள் வைத்த கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, தாளத்துக்கு ஏற்றபடி அடி. சத்தம் வந்தால் வலி வரும் என்று அதற்குத் தெரியும். அதை மறக்க வைக்க வேண்டும், ஒரு பொங்கலுக்குள் ஆகாது.

முதலில் வாய்க்குள் இரும்பே போடாதீர்கள், முகக்கயிறு போதும். கட்டிப் போட்டு மேளம் அடித்துப் பழக்குகிறேன் என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். தீவனம் தின்னும் நேரத்தில் தூரத்தில், போனில் மெதுவாக மேளச் சத்தம். காதைத் திருப்பிவிட்டுத் தின்றால் சரி. தலையைத் தூக்கித் தின்பதை நிறுத்தினால் நீங்கள் அதிகம் வைத்துவிட்டீர்கள், குறையுங்கள். நாளுக்குக் கொஞ்சம். விழா அன்றைக்கு உள்ளே மூடிய இடத்தில், பழகின ஆள் ஒருவர் கூடவே. கயிற்றை இறுக்கிக் கட்டாமல் இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். நேராக முன்னாலிருந்து போய் நெற்றியில் கை வைக்காதீர்கள், அதற்கு அங்கே கண் தெரியாது. தோள் பக்கம் போய்க் கழுத்தைச் சொறியுங்கள்.

குடியாத்தம் மேய்ச்சல்

தனியாக இருக்கிற குதிரை நிம்மதியாக இருக்காது. பசு பக்கத்தில் தெரியும்படி கட்டுங்கள், தொட்டி மட்டும் எட்டாமல். ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி விட்டாலும் போதும். என் கழுதை ஆட்டுக் கிடாய் இல்லாமல் தண்ணீர் குடிக்கப் போகாது.

சந்தைத்தரகு

தேறின பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பக்கம் ரவுண்டு விடலாமே. தீவனச் செலவு வந்துவிடும். கோபப்படாதீர்கள், நியாயமாகத்தான் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற மருத்துவன், ராணிப்பேட்டை

நியாயமான கேள்விதான். எடை சரியான நிலைக்கு வர மூன்றிலிருந்து ஐந்து மாதம். தசை அதற்குப் பிறகு. குளம்பு ஒரு வருஷம். அதற்கு முன்னால் முதுகில் ஒரு குழந்தைகூட வேண்டாம். அதன் பிறகும் சேணத்தோடு சேர்த்து அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. தேறி 220 கிலோ வந்தால் 44 கிலோ, சேணம் போக ஒரு சின்னப் பிள்ளை. பல்லைப் பார்த்து வயது பதினெட்டு, இருபது என்று வந்தால் அதையும் யோசிக்க வேண்டும். நொண்டல் முழுசாகப் போகாமலும் இருக்கலாம். சுமக்காமலே மிச்ச நாளைக் கழிக்கும் என்று முடிவு செய்துகொண்டு வளர்ப்பது நல்லது.

கொள்ளுப்பை

ஜட்கா ஓட்டிய வீட்டில் பிறந்தவன் சொல்கிறேன், வேலை செய்கிற குதிரை எல்லாம் வதைபடுகிற குதிரை இல்லை. வயிறு நிறைய வைத்து, வெயிலுக்கு முன்னால் அவிழ்த்துவிட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் இந்தக் குதிரை தன் பங்கை ஊர்வலத்தில் முடித்துவிட்டது. தரகு அண்ணா, ரவுண்டு விட வேறு குதிரை பாருங்கள்.

வாலாஜா புதியவன்

இந்த இழையை முழுசாகப் படித்தேன். எங்கள் தெருவில் வண்டிக்காரர் ஒருவர் தன் கிழக் குதிரையைத் தரத் தயாராக இருக்கிறார். எங்களிடம் நிலம் இல்லை, வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பதினைந்து அடி சிமெண்டுத் தரைதான். எடுக்கலாமா?

வெயிலூரான்

வேண்டாம். உங்கள் நல்ல மனசைக் குறை சொல்லவில்லை. அந்த வண்டிக்காரரிடமே குதிரை இருக்கட்டும், மாதம் ஒரு பங்கு தீவனமும் குளம்பு வெட்டும் செலவும் நீங்கள் கொடுங்கள். அதற்குப் பழகின இடம், பழகின ஆள்.

அணைக்கட்டுத்தோட்டம்

வெயிலூரான் சார் சொல்வதையே நானும் சொல்கிறேன். குளம்பு வெட்டுகிற ஆள் ஒருவழியாகக் கிடைத்துவிட்டார், ஆனால் இங்கே வந்து போகும் செலவே கூலி அளவுக்கு ஆகிறது. அடுத்த தடவை வரும்போது வாலாஜா வண்டிக்காரர் குதிரையையும் பார்த்துவிடச் சொல்கிறேன், வண்டிச் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வோம். லாடக்கட்டை அண்ணா, அன்றைக்கு நீங்களும் வர முடிந்தால் தேதியை உங்களுக்குத் தோதாக வைக்கிறோம்.

லாடக்கட்டை

செவ்வாய் தவிர எந்த நாளும் சரி. செவ்வாய் எனக்குப் பொய்கைச் சந்தை.